நோக்கம் சார்ந்த வலையமைப்பு மேலாண்மை

நோக்கம் சார்ந்த வலையமைப்பு மேலாண்மை என்பது, ஒரு கணினி வலையமைப்பிலுள்ள ஒவ்வொரு கருவிக்கும் தனித்தனியே கட்டளை எழுதாமல், அவ்வலையமைப்பிலிருந்து என்ன பயன் வேண்டும் என்பதை மட்டும் உயர்நிலைக் குறிக்கோளாகக் கூறி, அதனை நிறைவேற்றும் பொறுப்பை மென்பொருளிடம் ஒப்படைக்கும் முறை ஆகும். ஆங்கிலத்தில் இது இன்டென்ட் பேஸ்டு நெட்வொர்க்கிங் என அழைக்கப்படுகிறது. இப்பெயர் 2010களில் பரவலானது என்றாலும், இதன் பின்னுள்ள கருத்து 1990களில் தொடங்கிய கொள்கைவழி மேலாண்மை ஆய்வுகளிலிருந்து வளர்ந்ததாகும்.

கட்டளைகளைத் தானாக அனுப்பும் நிரல்கள் வலையமைப்புத் துறையில் நெடுங்காலமாகவே உள்ளன. அவை மட்டும் இம்முறை ஆகா. கூறப்பட்ட குறிக்கோள் உண்மையில் நிறைவேறியுள்ளதா என்பதையும், நிறைவேறிய பின் தொடர்ந்து நிலைத்துள்ளதா என்பதையும் மென்பொருளே இடைவிடாது சோதிப்பது இதன் இன்றியமையாத கூறாகும்.

தேவை

ஒரு வலையமைப்பில் திசைவிகள், நிலைமாற்றிகள், தீயரண்கள் எனப் பலவகைக் கருவிகள் உள்ளன. ஒவ்வொன்றும் தனக்கென ஓர் அமைவடிவக் கோப்பைக் கொண்டுள்ளது. பெரிய கருவிகளில் இக்கோப்பு ஆயிரக்கணக்கான வரிகளுக்கு நீள்வதுண்டு. வலையமைப்பு முழுமைக்கும் உரிய ஒரு குறிக்கோள், இக்கோப்புகளில் துண்டு துண்டாகச் சிதறிக் கிடக்கும். எல்லாக் கோப்புகளையும் ஒருவர் படித்து முடித்தாலும், ஒரு குறிப்பிட்ட வரி என்ன செய்கிறது என்பதை அறியலாமே தவிர, அது எதற்காக எழுதப்பட்டது என்பதை அறிய இயலாது. அக்காரணம் எழுதிய பொறியாளரின் நினைவில் மட்டுமே இருக்கும். அவர் வேறு பணிக்குச் சென்றபின், அவ்வரியை நீக்க எவரும் துணிவதில்லை. பல நிறுவனங்களின் தீயரண்களில் பயனற்ற விதிகள் ஆண்டுக்கணக்கில் தங்கிவிடுவதற்கு இதுவே காரணம்.

கருவிகளின் எண்ணிக்கை பெருகும்போது இச்சிக்கல் மேலும் கடுமையாகிறது. பாரத்நெட் திட்டத்தின் இரண்டாம் கட்டம், தமிழகத்தில் தமிழ்நாடு கண்ணாடி இழை வலையமைப்பு நிறுவனத்தின் வழியாக 12,525 ஊராட்சிகளை இணைக்கும் குறிக்கோளுடன் தொடங்கப்பட்டது. இத்தகைய பரப்பில், கருவிக்கு ஒரு பொறியாளரை அமர்த்துவது எவ்வகையிலும் இயலாது. ஊராட்சி அலுவலகத்தின் மூலையில் உள்ள பெட்டி ஒன்றின் அமைவடிவம் பிழையாயின், அதைத் திருத்தக்கூடியவர் பல கிலோமீட்டர் தொலைவில் இருப்பார். அவர் அக்கருவியை அணுகும் வழியும் பெரும்பாலும் அதே வலையமைப்பாகவே இருக்கும்.

ஓர் எடுத்துக்காட்டு

தென்காசி மாவட்டத்தின் சங்கரன்கோவில் போன்ற ஒரு நகரைக் கொள்வோம். (இங்கு கூறப்படுவது விளக்கத்திற்கான கற்பனை அமைப்பு மட்டுமே.) நகரின் மருத்துவமனை, திருநெல்வேலியிலுள்ள சிறப்பு மருத்துவருடன் காணொளி வழியாக ஆலோசனை நடத்துகிறது. மருத்துவமனை நிர்வாகத்தின் குறிக்கோள்கள் எளியவை. ஓர் இணைப்பு அறுந்தாலும் அழைப்பு தொடர வேண்டும். குரலும் படமும் தாமதமின்றிச் சேர வேண்டும். நோயாளர் பதிவேடுகளை மருத்துவமனைக்கு வெளியேயுள்ள கணினிகள் அணுகலாகாது.

இம்மூன்று வாக்கியங்களும் கருவிகளின் மொழிக்கு மாறும்போது விரிந்துவிடுகின்றன. முதலாவது, இரு வேறு பாதைகளையும், ஒன்று அறுந்ததை நொடிக்குள் கண்டறியும் ஏற்பாட்டையும், வழியமைப்பு நெறிமுறையில் ஒவ்வோர் இணைப்பிற்கும் உரிய செலவு மதிப்புகளையும் கோருகிறது. இரண்டாவதற்குத் தாமதம் என்பது எவ்வளவு என வரையறுக்க வேண்டும். ஒருவழித் தாமதம் 150 மில்லி நொடிக்கு மிகாதிருப்பின் உரையாடல் இயல்பாக அமையும் என்பது பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் ஜி.114 பரிந்துரை. இதற்காகக் காணொளிப் பொதிகள் புறப்படும் இடத்திலேயே குறியிடப்பட்டு, வழியிலுள்ள ஒவ்வொரு கருவியிலும் முன்னுரிமை வரிசையில் நிறுத்தப்பட வேண்டும். பத்துக் கருவிகளில் ஒன்றில் மட்டும் அவ்வரி விடுபட்டாலும், நெரிசலான வேளையில் குறிக்கோள் தோற்றுவிடும். மூன்றாவது குறிக்கோள், தனித்த மெய்நிகர் வலையமைப்பாகவும் அணுகல் கட்டுப்பாட்டுப் பட்டியல்களாகவும் மாறுகிறது.

இப்போது ஒரு நுட்பமான நிலையைக் காண்போம். மருத்துவமனை இரு வெவ்வேறு நிறுவனங்களிடமிருந்து இரண்டு இணைப்புகளைப் பெற்றுள்ளது. திசைவியில் இரண்டும் இயங்குவதாகவே காட்டும். ஆனால் இரு நிறுவனங்களின் கண்ணாடி இழைகளும் சாலையோரம் ஒரே பள்ளத்தில் பதிக்கப்பட்டிருந்தால், குடிநீர்க் குழாய்ப் பணிக்கு வரும் ஒரே மண்வாரி இயந்திரம் இரண்டையும் ஒருசேர அறுத்துவிடும். கட்டளைகள் யாவும் சரி. குறிக்கோள் மட்டும் நிறைவேறவில்லை. ஒரே காரணத்தால் சேர்ந்து செயலிழக்கக்கூடிய இணைப்புகளின் தொகுதி, இத்துறையில் பகிர்ந்த இடர்த் தொகுதி எனப்படுகிறது. பள்ளங்களின் வரைபடம் மென்பொருளிடம் தரப்படாதவரை, எவ்வளவு திறமையான நோக்கம் சார்ந்த அமைப்பும் இக்குறையைக் கண்டுபிடிக்க மாட்டாது.

குறிக்கோள்கள் காலத்தோடும் மாறுகின்றன. சங்கரநாராயணர் கோயிலின் ஆடித் தபசு விழாவின்போது நகரில் பெருங்கூட்டம் கூடுகிறது. அந்நாட்களில் மட்டும் அவசர அழைப்புகளுக்கும் காவல்துறைத் தொடர்புக்கும் கூடுதல் முன்னுரிமை வேண்டும் எனக் கொள்வோம். ஆங்கில நாட்காட்டியில் இவ்விழா ஆண்டுதோறும் வெவ்வேறு நாளில் வருவது. கையால் எழுதும் முறையில், ஒருவர் விழாவிற்கு முன் வரிகளைச் சேர்த்து, முடிந்தபின் மறவாமல் நீக்க வேண்டும். முன்னது தவறாமல் நடக்கும். பின்னது பலமுறை நடப்பதில்லை. குறிக்கோளோடு அதன் காலவரையும் சேர்த்துப் பதிவு செய்யப்பட்டால், காலம் முடிந்ததும் அதனால் தோன்றிய வரிகள் அனைத்தையும் மென்பொருளே அடையாளம் கண்டு நீக்க இயலும்.

வரலாறு

வலையமைப்புக் கருவிகளை ஒரே முறையில் கண்காணிப்பதற்கான எஸ்.என்.எம்.பி நெறிமுறையின் முதற் பதிப்பு 1988இல் வெளியானது. அது பரவலாக ஏற்கப்பட்டது என்றாலும், கருவிகளின் நிலையைப் படிப்பதற்கே பெரிதும் பயன்பட்டது. மாற்றுவதற்கு அரிதாகவே பயன்பட்டது. அதன் தொடக்கப் பதிப்புகளில் கடவுச்சொல்லுக்கு இணையான சொற்றொடர் மறையாக்கம் இன்றி வெளிப்படையாகவே அனுப்பப்பட்டது இதற்கு ஒரு காரணம்.

1993இல் ஜொனாதன் மொஃபெட், மோரிஸ் சுலோமன் ஆகியோர், உயர்நிலைக் கொள்கைகளைப் படிப்படியாகக் கீழ்நிலைக் கொள்கைகளாக நுணுக்கும் படிநிலை அமைப்பைப் பற்றி எழுதினர். இலண்டன் இம்பீரியல் கல்லூரியில் சுலோமனின் குழுவினர் 2001இல் பாண்டர் என்னும் கொள்கை மொழியை வெளியிட்டனர். அதே காலத்தில் இணையப் பொறியியல் செயற்குழு, கொள்கைகளைக் கருவிகளுக்கு வழங்குவதற்கான காப்ஸ் நெறிமுறையை 2000இல் தரப்படுத்தியது. அது எதிர்பார்த்த அளவு பயன்பாட்டிற்கு வரவில்லை. ஒசுலோவில் மார்க் பர்கெஸ் 1993இல் உருவாக்கத் தொடங்கிய சி.எஃப்.என்ஜின், வேறு வழியில் சென்றது. கணினி அடைய வேண்டிய நிலையை மட்டும் எழுதினால் போதும். எந்நிலையில் இருந்தாலும் மென்பொருள் மீண்டும் மீண்டும் இயங்கி அதனை அந்நிலைக்கு இட்டுச் செல்லும். இன்றைய நோக்கம் சார்ந்த அமைப்புகள் பலவற்றின் உள்ளியல்பு இதுவே.

2001இல் ஐ.பி.எம் நிறுவனம் தன்னியக்கக் கணிமை என்னும் திட்டத்தை அறிவித்தது. நாம் நினையாமலேயே இதயத் துடிப்பையும் மூச்சையும் ஒழுங்குபடுத்தும் நரம்பு மண்டலத்தின் பெயரையே அதற்குச் சூட்டினர். கண்காணித்தல், பகுத்தாய்தல், திட்டமிடல், செயற்படுத்தல் என்னும் சுழற்சி இத்திட்டத்தின் வழியாகவே பரவலாக அறியப்பட்டது.

2002ஆம் ஆண்டு சூன் மாதத்தில், இணையக் கட்டமைப்புக் குழு வலையமைப்புகளை நேரடியாக இயக்குவோரையும் நெறிமுறை வடிவமைப்போரையும் ஒரே அறையில் கூட்டியது. அதன் அறிக்கை ஆர்.எஃப்.சி 3535 என 2003இல் வெளிவந்தது. தனித்தனிக் கருவிகளை விடுத்து, வலையமைப்பு முழுவதையும் ஒன்றாக அமைப்பதில் கவனம் செலுத்த வழி வேண்டும் என்பது அதில் பதிவான கோரிக்கைகளுள் ஒன்று. இதன் விளைவாக 2006இல் நெட்கான்ஃப் நெறிமுறையும், 2010இல் யாங் என்னும் தரவு வரைவு மொழியும் வந்தன. நெட்கான்ஃபில் பாராட்டத்தக்க வசதி ஒன்று உண்டு. மாற்றத்தை அனுப்பியவர் குறித்த நேரத்திற்குள் மறு உறுதி அளிக்காவிடில், கருவி தானாகவே பழைய அமைவடிவத்திற்குத் திரும்பிவிடும். வேறு நேரம் குறிப்பிடப்படாவிடில் அது 600 நொடிகள். தன் கட்டளையாலேயே தன் இணைப்பைத் துண்டித்துக்கொண்ட பொறியாளர்கள் இதன் அருமையை அறிவர்.

2008இல் நிக் மெக்கியோனும் பிறரும் வெளியிட்ட ஓப்பன்ஃபுளோ, கட்டுப்பாட்டுப் பகுதியைக் கருவிகளிலிருந்து பிரித்து மையமான மென்பொருளில் வைக்க வழி வகுத்தது. 2014 டிசம்பரில் வெளியான ஓனோஸ் என்னும் கட்டுப்பாட்டு மென்பொருளில், "இவ்விரு கணினிகளும் தொடர்பில் இருக்க வேண்டும்" என்பதை ஒரு நோக்கமாகவே பதிவு செய்யலாம். பாதையில் ஓர் இணைப்பு அறுந்தால், அந்நோக்கத்திற்கு வேறு பாதை தானாகக் கணக்கிடப்படும். 2017 சூனில் சிஸ்கோ நிறுவனம் இப்பெயரை முன்னிறுத்தி விற்பனையைத் தொடங்கியபின், ஏறத்தாழ எல்லா வணிக நிறுவனங்களும் தம் பொருட்களுக்கு இப்பெயரையே சூட்டலாயின. சொல்லின் பொருள் நீர்த்துப்போன காலம் அது. 2022 அக்டோபரில் வெளிவந்த ஆர்.எஃப்.சி 9315 வரையறைகளை ஒழுங்குபடுத்தியது. "இது நிகழ்ந்தால் அதைச் செய்" என்னும் விதி கொள்கை எனவும், எவ்வாறு எனக் கூறாமல் விளைவை மட்டும் கூறுவது நோக்கம் எனவும் அது வேறுபடுத்துகிறது.

தென்காசி மாவட்டத்துத் தொடர்பு

இத்துறையின் வரலாற்றில் தமிழகத்திற்கும் ஓர் இடம் உண்டு. இன்று அலுவலக மென்பொருட்களால் அறியப்படும் சோகோ நிறுவனம், 1996இல் அட்வென்ட்நெட் என்னும் பெயரில் வலையமைப்பு மேலாண்மை மென்பொருள் நிறுவனமாகவே தொடங்கப்பட்டது. சிறீதர் வேம்பு, டோனி தாமஸ் ஆகியோர் அதன் நிறுவனர்களுள் அடங்குவர். எஸ்.என்.எம்.பி நெறிமுறைக்கான ஜாவா நிரற்கருவிகளை உருவாக்கி, வலையமைப்புக் கருவிகளைத் தயாரிக்கும் நிறுவனங்களுக்கு விற்றதே அதன் தொடக்கத் தொழில். தொலைத்தொடர்புத் துறையின் சரிவால் அவ்வாடிக்கையாளர்கள் குறைந்த நிலையில், 2002இல் மேனேஜ்என்ஜின் என்னும் பிரிவின்கீழ் நிறுவனங்களின் தகவல் தொழில்நுட்பத் துறைகளுக்கான மென்பொருட்களை வெளியிடத் தொடங்கியது. 2009இல் நிறுவனத்தின் பெயர் சோகோ என மாறியது. 2011இல் தென்காசியை அடுத்த மத்தளம்பாறையில் அதன் அலுவலகம் தொடங்கப்பட்டது. அப்போது அப்பகுதியும் சங்கரன்கோவிலும் திருநெல்வேலி மாவட்டத்தில் இருந்தன. 2019 நவம்பரில் உருவான தென்காசி மாவட்டத்தில் இரண்டும் சேர்ந்தன.

மேனேஜ்என்ஜினின் அமைவடிவ மேலாண்மை மென்பொருள், கருவிகளின் கோப்புகளைச் சேமித்து, மாற்றங்களை ஒப்பிட்டுக் காட்டி, வார்ப்புருக்களின் வழியாகப் பல கருவிகளுக்கு ஒருசேரக் கட்டளை அனுப்பி, கோப்புகள் வகுக்கப்பட்ட விதிகளுக்கு உட்பட்டுள்ளனவா எனச் சோதிக்க வல்லது. இவ்வகை மென்பொருட்களை முழுமையான நோக்கம் சார்ந்த அமைப்புகள் எனக் கூறுதல் பொருந்தாது. இவை சோதிப்பது கோப்பில் ஒரு வரி உள்ளதா என்பதையே. அவ்வரியால் அடைய வேண்டிய பயன் கிட்டியதா என்பதை அன்று. எனினும் பெரும்பாலான நிறுவனங்களுக்கு முதல் தேவை இதுவே. தன் கருவிகளில் இன்று என்ன எழுதப்பட்டுள்ளது என்பதையே அறியாத நிறுவனம், குறிக்கோளை எழுதத் தொடங்குவதில் பயனில்லை.

சரிபார்த்தல்

குறிக்கோள் நிறைவேறியதா என அறிய, பொதிகளை அனுப்பிச் சோதித்தல் ஒரு வழி. ஆனால் இது முழுமையானதன்று. ஒரு பொதியின் வழியைத் தீர்மானிக்கக்கூடிய தலைப்புப் புலங்களுள் அனுப்புநர் முகவரி, பெறுநர் முகவரி, இரு துறை எண்கள், நெறிமுறை எண் ஆகிய ஐந்தை மட்டும் கொண்டாலே, ஐ.பி நான்காம் பதிப்பில் 104 பிட்டுகள் ஆகின்றன. இவற்றின் வாய்ப்புகள் ஏறத்தாழ 2-ஐ அடுத்து 31 சுழியங்கள் கொண்ட எண்ணிக்கை. "வெளியார் எவரும் பதிவேட்டை அணுகலாகாது" என்பதை இத்தனை பொதிகளையும் அனுப்பி நிறுவ இயலாது.

பெய்மான் கசெமியான், மும்பை ஐ.ஐ.டியில் பயின்ற ஜார்ஜ் வர்கீசு, நிக் மெக்கியோன் ஆகியோர் 2012இல் இதற்கு ஒரு கணித வழியை முன்வைத்தனர். பொதியின் தலைப்பைப் பல பரிமாண வெளியில் ஒரு புள்ளியாகவும், ஒவ்வொரு கருவியையும் அவ்வெளியின் பகுதிகளை உருமாற்றும் சார்பாகவும் கொண்டால், கோடானுகோடிப் பொதிகளை ஒரே தொகுதியாகக் கணக்கிட்டு, எவை எங்கு சென்று சேரும் என நிறுவலாம். 2015இல் வெளியான பேட்ஃபிஷ் என்னும் கருவி, அமைவடிவக் கோப்புகளைக் கருவிகளில் ஏற்றுவதற்கு முன்பே படித்து இத்தகைய ஆய்வைச் செய்யக்கூடியது.

இதன் மறுபக்கம் தொகுத்தல். தில்லி ஐ.ஐ.டியில் பயின்ற ரத்துல் மகாஜன் உள்ளிட்டோர் 2016இல் வெளியிட்ட புரோபேன் என்னும் மொழியில், வலையமைப்பு முழுமைக்கும் உரிய வழியமைப்புக் குறிக்கோளை எழுதினால், ஒவ்வொரு திசைவிக்கும் உரிய பி.ஜி.பி அமைவடிவம் தானாக உருவாக்கப்படும். இணைப்புகள் செயலிழந்த நிலையிலும் குறிக்கோள் மீறப்படாதவாறு இது அமைகிறது.

தானியக்கத்தின் தோல்விகள்

கையால் எழுதப்படும் பிழை பெரும்பாலும் ஒரு கருவியோடு நிற்கும். தானியக்கத்தின் பிழை எல்லாக் கருவிகளுக்கும் ஒரே நேரத்தில் செல்லும்.

2021 அக்டோபர் 4 அன்று இந்திய நேரம் இரவு ஒன்பது மணியளவில் பேஸ்புக், வாட்சப், இன்சுடாகிராம் ஆகியன உலகெங்கும் நின்றன. மீள ஏறத்தாழ 6 மணி நேரம் ஆயிற்று. முதுகெலும்பு வலையமைப்பின் கொள்ளளவை அறிவதற்காக இடப்பட்ட ஒரு கட்டளை, அவ்வலையமைப்பின் எல்லா இணைப்புகளையும் துண்டித்தது. இத்தகைய கட்டளைகளைத் தடுக்கவென்றே இருந்த தணிக்கை நிரல், தன்னிலிருந்த பிழையால் அதைத் தடுக்கவில்லை. அடுத்து நிகழ்ந்தது கவனிக்கத்தக்கது. அந்நிறுவனத்தின் களப்பெயர் வழங்கிகள், தரவு மையத்தோடு தொடர்பு அற்றுப்போனால் தம் முகவரிகளை இணையத்திலிருந்து தாமே திரும்பப் பெறுமாறு அமைக்கப்பட்டிருந்தன. பழுதான வழங்கி ஒன்று பயனரைத் தவறான வழியில் இட்டுச் செல்லாதிருக்க அது நல்ல விதியே. எல்லா வழங்கிகளும் ஒரே நேரத்தில் அவ்விதியைப் பின்பற்றியபோது, நிறுவனமே இணையத்திலிருந்து மறைந்தது. ஒவ்வொரு வழங்கியும் தனக்கு இடப்பட்ட குறிக்கோளைச் சரியாகவே நிறைவேற்றியது. "ஏதேனும் ஒரு வழங்கியாவது எப்போதும் தென்பட வேண்டும்" என்னும் ஒட்டுமொத்தக் குறிக்கோளைக் காக்கும் விதி அவ்வமைப்பில் இருக்கவில்லை.

2019 சூன் 2 அன்று கூகுளின் வலையமைப்பிலும் இதையொத்த நிகழ்வு ஏற்பட்டது. பராமரிப்பிற்கான தானியக்க மென்பொருள், ஓர் இடத்தோடு நிற்க வேண்டிய பணியைப் பல இடங்களில் செயற்படுத்தி, வலையமைப்பின் கட்டுப்பாட்டு நிரல்களை நிறுத்திவிட்டது. பழுதைச் சரிசெய்ய வேண்டிய பொறியாளர்களின் கருவிகளும் அதே நெரிசலான வலையமைப்பையே நம்பியிருந்ததால் சீரமைப்பு தாமதமாயிற்று.

இந்நிகழ்வுகளின் பின், மேலாண்மைக்கெனத் தனியான வலையமைப்பை வைத்தல், மாற்றத்தை முதலில் சிறு பகுதியில் மட்டும் செயற்படுத்திப் பார்த்தல், ஒரே வேளையில் எத்தனை கருவிகளை மாற்றலாம் என்பதற்கு உச்சவரம்பு இடுதல் ஆகிய பழைய வழக்கங்கள் மீண்டும் வலியுறுத்தப்பட்டன.

குறிக்கோளைக் கூறுவதிலுள்ள சிக்கல்

இரு குறிக்கோள்கள் ஒன்றோடொன்று முரண்படலாம். மின்சாரத்தைச் சேமிக்க இரவில் பயன்படாத இணைப்புகளை அணைக்க வேண்டும் என ஒருவர் கூறலாம். எப்போதும் இரு பாதைகள் இயங்க வேண்டும் என மற்றொருவர் கூறலாம். மென்பொருள் முரணைக் கண்டுபிடித்துத் தெரிவிக்கலாம். எது மேலானது என்பதை மனிதரே முடிவு செய்ய வேண்டும்.

இயல்மொழியில் குறிக்கோளைக் கூறும் வழி குறித்தும் ஆய்வுகள் நடைபெறுகின்றன. பெரும் மொழி மாதிரிகள் வந்தபின் இவை விரைவு பெற்றுள்ளன. ஆனால் அன்றாட மொழி, வலையமைப்பிற்குத் தேவையான துல்லியத்தைக் கொண்டதன்று. "இரவில் பள்ளிகளுக்கு இணையம் வேண்டாம்" என்னும் தமிழ் வாக்கியத்தைக் கொள்வோம். பள்ளிகளுக்கு இரவில் இணையம் தேவைப்படாது, எனவே அக்கொள்ளளவைப் பிறருக்குத் தரலாம் என்பது ஒரு பொருள். இரவில் பள்ளிகளிலிருந்து இணையத்தை அணுகுவதைத் தடை செய்க என்பது மற்றொரு பொருள். முதற்பொருளில், இரவில் தேர்வுப் பணி செய்யும் ஆசிரியருக்கு இணைப்பு கிடைக்கும். இரண்டாம் பொருளில் கிடைக்காது. கேட்பவர் சூழலைக் கொண்டு ஊகித்துக்கொள்வார். திசைவியோ ஒரு பொதியை அனுப்பும், அல்லது கைவிடும்.

2021இல் வெளியிடப்பட்ட லூமி என்னும் ஆய்வு அமைப்பு, இதற்காகவே இடையில் ஒரு படியை வைத்துள்ளது. பயனர் ஆங்கிலத்தில் கூறியதை, மனிதரும் படித்தறியக்கூடிய ஓர் இடைநிலை மொழியில் எழுதிக் காட்டி, "நீங்கள் கருதியது இதுதானா" என வினவுகிறது. பயனர் திருத்தினால் அத்திருத்தத்திலிருந்து கற்றுக்கொள்கிறது. ஒப்புதல் கிட்டிய பின்னரே கருவிகளின் அமைவடிவம் மாற்றப்படுகிறது.